‘மூச்சு 20’ என்று எழுதுமுன்

மதுரையிலும் சுற்றுவட்டாரத்திலும் நர்சிங் படிக்கும் மாணவ மாணவியருக்கு ஒரு திறந்த மடல்



ஏதாவது ஒரு பொது வார்டில் முப்பது கேஸ் ஷீட்டை எடுத்துப் புரட்டிப் பாருங்கள். காய்ச்சல் ஆளுக்கு ஆள் மாறும். நாடி மாறும். பி.பி. கொஞ்சம் மாறும், பாதிப் பேருக்கு 120/80. மூச்சு மட்டும் அத்தனை பேருக்கும் 20. நிமோனியாவில் இழுத்து இழுத்து மூச்சு விடுகிற பெரியவருக்கும் 20, நாளை வீட்டுக்குப் போகவிருக்கும் குடலிறக்கக்காரருக்கும் 20. எழுதினவருக்கே கூச்சமாக இருந்தால் நடுநடுவே ஒரு 22 விழுந்திருக்கும்.

வார்டிலும் வகுப்பிலுமாகக் காலம் கழித்து ஓய்வு பெற்றவள் நான். நீங்கள் ஜி.என்.எம். படிக்கிறீர்களா பி.எஸ்சி. படிக்கிறீர்களா, அரசுக் கல்லூரியா தனியாரா என்பதெல்லாம் எனக்குப் பெரிதில்லை. அந்த 20-ஐப் பற்றித்தான் உங்களோடு பேச வேண்டும்.

மூச்சை எண்ண ஒரு கடிகாரமும் ஒரு நிமிடமும் போதும். இருந்தும் உலகம் முழுக்க ஆஸ்பத்திரிகளில் அதிகம் கைவிடப்படுகிற கணக்கு அதுதான். மற்றதையெல்லாம் மெஷின் எண்ணித் தந்துவிடுகிறது. மூச்சுக்கு நாம்தான் கட்டிலருகே நிற்க வேண்டியிருக்கிறது. அதுவும் நோயாளிக்குத் தெரியாமல் எண்ண வேண்டும். தெரிந்துவிட்டால் அவர் மூச்சை மாற்றிவிடுவார். நாடியைப் பிடித்த கையை எடுக்காமல், கண்ணை மட்டும் வயிற்றின் ஏற்ற இறக்கத்துக்குக் கொண்டுபோய் முழு நிமிடம் எண்ணுங்கள் என்று முதலாண்டிலேயே சொல்லிக் கொடுத்திருப்பார்கள். போஸ்டிங் தொடங்கிய சில நாட்களில் அது மறந்துபோகிறது. காரணம், வார்டில் யாரும் அப்படி எண்ணி நீங்கள் பார்ப்பதில்லை.

பிரிட்டனில் ராயல் காலேஜ் ஆஃப் ஃபிசிஷியன்ஸ் 2012-ல் ஒரு எச்சரிக்கை மதிப்பெண் முறையைக் கொண்டுவந்தது, 2017-ல் திருத்தியது. ‘நியூஸ்’ என்று அதைச் சொல்வார்கள். அதில் மூச்சு 12 முதல் 20 வரை இருந்தால் மதிப்பெண் பூஜ்யம். 21 முதல் 24 வரை 2. 25-ம் அதற்கு மேலும் 3. ஒரே அளவில் 3 விழுந்தாலே உடனே டாக்டரைக் கூப்பிட வேண்டும். எண்ணாமல் நாம் எழுதுகிற எண், ‘ஆபத்தில்லை’ என்று சொல்லும் எல்லைக்குள் கடைசி எண்ணாகப் பார்த்துத் தேர்ந்தெடுத்ததுபோல இருக்கிறது. ஒன்று கூடினால் மணி அடிக்கும். அந்த மணியின் நாக்கை நாமே கட்டி வைக்கிறோம்.

மூச்சுக்கு ஏன் இத்தனை மரியாதை என்று கேட்டால், பெரும்பாலான மாணவர்கள் நுரையீரலைச் சொல்வார்கள். அது பாதி பதில்தான். ரத்தத்தில் அமிலம் கூடினால் உடம்பு அதைக் கரியமில வாயுவாக வெளியே தள்ளப் பார்க்கும். அதற்கு மூச்சைக் கூட்டும். சர்க்கரை ஏறி கீட்டோன் சேர்ந்தவருக்கு நுரையீரலில் ஒரு குறையும் இருக்காது, மூச்சு ஆழமாகவும் வேகமாகவும் ஓடும். சிறுநீரகம் கெட்டவருக்கும் அப்படியே. கிருமி ரத்தத்தில் கலந்தவருக்குக் காய்ச்சல் ஏறுமுன்னே, பி.பி. விழுமுன்னே மூச்சு கூடிவிடலாம். ரத்தம் உள்ளே கசிகிறவருக்கும் கூடும். இத்தனை இடத்துக் கோளாறும் ஒரே கணக்கில் வந்து விழுகிறது. விரலில் மாட்டும் சாச்சுரேஷன் கிளிப் இதைச் சொல்லாது. ஆக்சிஜன் வைத்திருப்பவருக்கு மூச்சு மெலிந்து கரியமில வாயு தேங்கிக்கொண்டிருக்கும்போதும் கிளிப் 98 என்று காட்டிக்கொண்டிருக்கும்.

இதெல்லாம் பாடப்புத்தகத்தில் இருக்கிறது. ‘ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது, வார்டுக்கு வந்து கத்துக்கோ’ என்று சீனியர்கள் சொல்வார்கள். நான் அதை ஒப்புக்கொள்ள மாட்டேன். ஏட்டில் இல்லாததைக் கண் பார்க்காது. ரத்தநாளம் சுருங்கினால் கீழ் பி.பி. ஏறும் என்று படிக்காதவருக்கு, அந்த எண் ஏறுவதை ஆயிரம் முறை பார்த்தாலும் அதில் ஒன்றும் தெரியாது. அனுபவம் வந்தால் அறிவு தானாக வரும் என்பதும் கதைதான். இருபது வருஷம் 20 என்று எழுதியவருக்கு இருபது வருஷ அனுபவம் இருப்பதாக நான் நினைக்கவில்லை.

அதே நேரம், படித்தது தலைக்குள் பாட வரிசையிலேயே கிடந்தால் அதுவும் உதவாது. உடலியல் முதல் செமஸ்டரில் ‘முடிந்துவிட்டது’, மருந்தியல் அடுத்து ‘முடிந்துவிட்டது’ என்று பேசுகிறீர்களே, கட்டிலில் கிடக்கிறவருக்கு எந்தச் செமஸ்டரும் முடிவதில்லை. இந்திய நர்சிங் கவுன்சில் 2021-ல் அரசிதழில் வெளியிட்ட புதிய பி.எஸ்சி. பாடத்திட்டம், ‘என்ன தெரியும்’ என்பதோடு ‘என்ன செய்ய முடியும்’ என்பதையும் கேட்கிறது. அமெரிக்கா போக நினைப்பவர்கள் எழுதும் என்க்ளெக்ஸ் தேர்வும் 2023 ஏப்ரலில் மாறிவிட்டது. ஒரு நோயாளியின் கதையைக் கொடுத்து, இதில் எது முக்கியம், எதனால் இப்படி ஆகியிருக்கும், எதை முதலில் செய்வீர்கள், செய்தபின் சரியானதா என்று எப்படித் தெரிந்துகொள்வீர்கள் என்று படிப்படியாகக் கேட்கிறார்கள். அமெரிக்கப் பேராசிரியை கிறிஸ்டின் டானர் 2006-ல் ஒரு கட்டுரையில் நர்ஸின் சிந்தனையை நான்காகப் பிரித்தார்: கவனிப்பது, பொருள் காண்பது, செயல்படுவது, திரும்பிப் பார்ப்பது. நம் கேர் பிளான் நோட்டும் இதற்காக வந்ததுதான். அதை ‘ரிஸ்க் ஃபார் இன்ஃபெக்‌ஷன்’ என்று தொடங்கி சீனியர் நோட்டிலிருந்து நகல் எடுக்கிற வேலையாக்கியதில் எங்கள் தலைமுறை ஆசிரியர்களுக்குப் பெரும் பங்கு உண்டு. மார்ஜின் கோணலாக இருந்தால் கையெழுத்துப் போட மாட்டோம். நோயாளி யாரென்று கேட்க மாட்டோம்.

சரி, ஒரு நோயாளியை எடுத்துக்கொள்வோம். நம் ஊர் நோயாளி.

பொங்கலை ஒட்டி அவனியாபுரம், பாலமேடு, அலங்காநல்லூர் என்று ஜல்லிக்கட்டு வரிசையாக வரும். களத்திலேயே மருத்துவக் குழு இருக்கும். பெரிய காயமென்றால் 108-ல் ஏற்றிப் பெரியாஸ்பத்திரிக்கு அனுப்புவார்கள். எர்ஸ்கின் ஆஸ்பத்திரி என்று நம் தாத்தா பாட்டிகள் சொன்ன இன்றைய ராஜாஜி மருத்துவமனை. வந்தவர் 22 வயசு மாடுபிடி வீரர் என்று வைத்துக்கொள்ளுங்கள். வலது அடிவயிற்றில், இடுப்பு எலும்புக்குச் சற்று உள்ளே, இரண்டு விரல் அகலத்தில் காயம். மேலே பஞ்சு வைத்துக் கட்டியிருக்கிறது, அதிகம் நனையவில்லை. கூட வந்த நாலு பேரும் கையில் பரிசுப் பாத்திரத்தோடு நிற்கிறார்கள். ‘ஒண்ணுமில்லக்கா, சும்மா கீறல்தான்’ என்று அவரே சிரிக்கிறார். நாடி 104. பி.பி. 118/76. மூச்சை யாரும் எண்ணவில்லை, ஷீட்டில் 20.

அரை மணி கழித்து நாடி 120. பி.பி. 112/92. இப்போது சிரிப்பு இல்லை. ‘தாகமா இருக்குக்கா, கொஞ்சம் தண்ணி குடுங்க’ என்கிறார். சினேகிதர் ஒருவர் சோடா வாங்க வெளியே ஓடுகிறார்.

இந்த இடத்தில் உங்களில் பலர் 112 என்ற எண்ணைப் பார்த்துவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விடுவீர்கள். ‘பி.பி. நார்மல்.’ போகாதீர்கள். 118-க்கும் 76-க்கும் இடைவெளி 42. 112-க்கும் 92-க்கும் இடைவெளி 20. மேல் எண் அதிகம் அசையவில்லை, கீழ் எண் ஏறியிருக்கிறது. ரத்தம் குறையக் குறைய உடம்பு கை, கால், தோலுக்குப் போகும் நாளங்களை இறுக்கிப் பிடித்து மூளைக்கும் இதயத்துக்கும் மிச்சம் பிடிக்கிறது. அந்த இறுக்கம்தான் 92. வயசுப் பையன்களுக்கு இந்த இறுக்கம் பிரமாதமாக வேலை செய்யும். வளர்ந்தவர் உடம்பில் சுமார் 5 லிட்டர் ரத்தம் என்றால், ஒன்றரை லிட்டர் வரை போனபிறகும் மேல் பி.பி. கிட்டத்தட்ட அப்படியே நிற்கலாம். அதைத் தாண்டினால் படிப்படியாக இறங்காது, ஒரேயடியாகச் சரியும். பி.பி. விழட்டும், பிறகு டாக்டரைக் கூப்பிடலாம் என்று காத்திருப்பவர், மூன்றில் ஒரு பங்கு ரத்தம் போகட்டும் என்று காத்திருக்கிறார்.

அந்தச் சின்னக் காயத்தையும் நம்பாதீர்கள். மாடு குத்துவது கத்தி குத்துவதுபோல இல்லை. கொம்பு உள்ளே போனதும் அது தலையை மேல்நோக்கி வீசும். வெளியே இரண்டு விரல் ஓட்டை, உள்ளே ஒரு சாண் கிழிசல். தசை அடுக்குகள் ஒன்றன்மேல் ஒன்று நகர்ந்து ஓட்டையை மூடிக்கொள்வதால் ரத்தம் வெளியே வராது, வயிற்றுக்குள் சேரும். பஞ்சு நனையாதது நிம்மதியடையக் காரணமாகாது.

இப்போது பாதத்தைத் தொட்டுப் பாருங்கள்; ஜில்லென்றிருக்கும். கால் கட்டைவிரல் நகத்தை அமுக்கிவிட்டு விடுங்கள். நிறம் திரும்ப இரண்டு விநாடிக்கு மேல் ஆகும். மூச்சை எண்ணுங்கள்: 26. தாகமும் ஒரு அறிகுறிதான், ரத்தம் குறைவதை மூளை தாகமாகச் சொல்கிறது. சோடாவை வாங்கி ஓரமாக வையுங்கள். தியேட்டருக்குப் போகப் போகிறவர் வயிறு காலியாக இருக்க வேண்டும். இதில் எந்த ஒரு விஷயத்துக்கும் புது மெஷின் தேவைப்படவில்லை, கவனித்தீர்களா? முதலாண்டு உடலியலும், தொட்டுப் பார்க்கும் கையும், அரை மணிக்கு முந்தைய எண்ணும் போதும். ஒற்றை எண் பெரிதாக எதுவும் சொல்லாது. எண் எந்தப் பக்கம் நகர்கிறது என்பதில்தான் சேதி இருக்கிறது. அதனால்தான் முதல் எண்ணைக் கற்பனையாக எழுதக் கூடாது என்று மன்றாடுகிறேன். முதலில் எழுதிய 20 பொய்யென்றால், இப்போது எண்ணிய 26-ஐ எதோடு ஒப்பிடுவது?

பிரசவ வார்டிலும் இதே கணக்குத்தான். கர்ப்பிணிக்கு ரத்த அளவே ஏறக்குறைய பாதி கூடியிருக்கும். அதனால் ரத்தப்போக்கை அவள் உடம்பு இன்னும் அதிக நேரம் மறைத்து வைக்கும். கூடவே நம் மாநிலத்தில் பெண்களில் பாதிப் பேருக்கு மேல் ரத்தசோகை. படுக்கையில் தேங்கியதைக் கண்ணால் பார்த்து ‘முந்நூறு மில்லி இருக்கும்’ என்று சொல்வதில் நாம் அனைவரும் தோற்றவர்கள். பெரும்பாலும் குறைத்தே சொல்வோம். கென்யா, நைஜீரியா, தென்னாப்பிரிக்கா, தான்சானியா நாடுகளில் 80 மருத்துவமனைகளில் நடந்து 2023-ல் வெளியான ஆய்வில், அளவு குறித்த பிளாஸ்டிக் விரிப்பைத் தாய்க்கு அடியில் போட்டு, இழந்த ரத்தத்தை அளந்து, அளவு தாண்டியதும் எல்லாச் சிகிச்சையையும் ஒருசேரத் தொடங்கினார்கள். மிகக் கடுமையான விளைவுகள் 60 சதவீதம் குறைந்தன. புது மருந்து எதுவுமில்லை. விரிப்பு இல்லாத இடத்தில் தாயின் நாடியை மேல் பி.பி.யால் வகுத்துப் பாருங்கள். 0.9-ஐத் தாண்டினால் அந்தத் தாயை விட்டு நகராதீர்கள்.

இன்னொரு நோயாளி. இவர் அறிவை வேறு விதமாகச் சோதிப்பவர்.

மேலூர்ப் பக்கம், அறுப்புக் காலம். வீட்டுத் தரையில் பாய் விரித்துப் படுத்தவர். விடியற்காலை நாலு மணிக்கு வயிற்றைப் பிசைகிறது, இரண்டு முறை வாந்தி. ‘ராத்திரி சாப்பிட்ட கறி ஒத்துக்கல’ என்று மனைவி சொல்கிறார். வயிற்று வலிக்கு ஊசி போட்டு ஓரமாகப் படுக்க வைக்கிறார்கள். காய்ச்சல் இல்லை, நாடி பரவாயில்லை, சாச்சுரேஷன் 98. ஒரு மணி நேரம் கழித்து மனைவி சொல்கிறார்: ‘ராத்திரி தூங்காம கண்ணு சொருகுது சிஸ்டர்.’

தூக்கமில்லாதவர் கண் சொருகுவதும் உண்டு. ஆனால் தரையில் படுத்தவர், விடியற்காலை வயிற்று வலி, சொருகும் கண் என்ற மூன்றும் சேர்ந்தால் உங்கள் தலைக்குள் கட்டுவிரியன் வர வேண்டும். இரவில் நடமாடுகிற பாம்பு. கடி பெரும்பாலும் வலிக்காது, வீங்காது. பல்தடம்கூடத் தெரியாமல் போகலாம். கடிபட்டவருக்கே பாம்பு கடித்தது தெரியாது. விஷம் நரம்புக்கும் தசைக்கும் இடையிலுள்ள இணைப்பைத் துண்டிக்கும். இமை முதலில் விழும், பிறகு பார்வை இரட்டையாகும், எச்சில் விழுங்க முடியாது, தலையைத் தூக்க முடியாது, கடைசியாக மூச்சுத் தசை.

அவரை மேலே பார்க்கச் சொல்லி ஒரு நிமிடம் அப்படியே இருக்கச் சொல்லுங்கள். இமை கொஞ்சம் கொஞ்சமாக இறங்கும். தலையணையிலிருந்து தலையைத் தூக்கச் சொல்லுங்கள். அப்புறம், மூச்சை நன்றாக இழுத்துக்கொண்டு ஒரே மூச்சில் ஒன்று, இரண்டு என்று சத்தமாக எண்ணச் சொல்லுங்கள். போன மணி நேரத்தில் முப்பது வரை போனவர் இப்போது பதினைந்தில் நின்றால் மூச்சுத் தசை தளர்கிறது என்று அர்த்தம். கிளிப்பில் 98 என்று இருக்கட்டும். கிளிப் கடைசியில்தான் விழிக்கும். செயற்கைச் சுவாசத்துக்கு ஆள் கூப்பிட இதுவே நேரம்.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. பாம்புக்கடி என்று சந்தேகம் வந்தால் இருபது நிமிட ரத்தம் உறையும் சோதனை செய்வோம். சுத்தமான, உலர்ந்த கண்ணாடிக் குப்பியில் 2 மில்லி ரத்தம், ஆட்டாமல் அசைக்காமல் 20 நிமிடம், பிறகு ஒரே ஒருமுறை சாய்த்துப் பார்ப்பது. பிளாஸ்டிக் சிரிஞ்சிலேயே வைத்துப் பார்க்கக் கூடாது. கண்ணாடிதான் உறைதலைத் தூண்டும். சோப்பு போட்டுக் கழுவிய குப்பியும் ஆகாது. சரி, நீங்கள் முறையாகச் செய்தீர்கள், ரத்தம் கெட்டியாக உறைந்துவிட்டது. ‘விஷம் ஏறலை’ என்று எழுதிவிடலாமா? கூடாது. கண்ணாடி விரியனும் சுருட்டை விரியனும் கடித்தால் ரத்தம் உறையாது. கட்டுவிரியன் ரத்தத்தைத் தொடுவதில்லை. சோதனை சரி, அதிலிருந்து நீங்கள் எடுத்த முடிவு தப்பு. எந்தச் சோதனை எந்தக் கேள்விக்குப் பதில் என்று தெரியாமல் முடிவை மட்டும் படிப்பவர்கள் வழுக்கி விழுகிற இடம் இது. சர்க்கரைக்காரப் பெண்ணுக்கு நெஞ்சு வலியே இல்லாமல் வெறும் வேர்வையும் வாந்தியுமாக ஹார்ட் அட்டாக் வரும்போதும், ‘கேஸ் டிரபிள்’ என்று ஓம வாட்டர் குடித்துவிட்டு வந்தவரை இ.சி.ஜி. எடுக்காமல் உட்கார வைக்கும்போதும் இதே வழுக்கல்தான். பத்து நிமிடத்துக்குள் இ.சி.ஜி. என்பதே விதி.

இந்தியாவில் 2000 முதல் 2019 வரை பாம்புக்கடியில் ஏறத்தாழ 12 லட்சம் பேர் இறந்தார்கள் என்று 2020-ல் வெளியான ஒரு பெரிய ஆய்வு கணக்கிட்டது. தமிழ்நாடு அரசு 2024-ல் பாம்புக்கடியைக் கட்டாயம் தெரிவிக்க வேண்டிய நோய்களின் பட்டியலில் சேர்த்திருக்கிறது. நெல்வயலும் வாய்க்காலும் சூழ்ந்த ஊரில் படிக்கிற உங்களுக்கு இது தேர்வுக்கு வருமா என்று தெரியாது, டூட்டிக்குக் கட்டாயம் வரும். ஒன்று மட்டும் நினைவில் வையுங்கள்: கட்டுவிரியன் கடித்து வென்டிலேட்டரில் கிடப்பவர் இமைகூட அசைக்க மாட்டார், ஆனால் நீங்கள் பேசுவதெல்லாம் அவர் காதில் விழும். ‘இது தேறாது’ என்று அவர் தலைமாட்டில் நின்று பேசாதீர்கள். தேறி எழுந்து உட்கார்ந்து அதைத் திருப்பிச் சொன்னவர்கள் உண்டு.

இவ்வளவும் படித்துவிட்டு நீங்கள் கேட்கப் போகும் கேள்வி எனக்குத் தெரியும். ‘மேடம், நைட் டூட்டியில் ஒரு சிஸ்டருக்கு நாற்பது பேஷண்ட், கீழே பாய் போட்டுப் படுத்திருப்பவர்கள் தனி. நாற்பது பேருக்கும் ஒரு நிமிடம் எண்ணினால் மூச்சுக்கே நாற்பது நிமிடம்.’ நியாயமான கேள்வி. போதனா மருத்துவமனைப் பொது வார்டில் மூன்று நோயாளிக்கு ஒரு நர்ஸ் என்பது இந்திய நர்சிங் கவுன்சில் வகுத்த அளவு. அந்த அளவைக் கண்ணால் பார்த்தவர்கள் கை தூக்கலாம். ஆள் போதாமல் வார்டை ஓட்டிவிட்டு, ‘கிளினிக்கல் ஜட்ஜ்மென்ட்’ போதவில்லை என்று நர்ஸைக் குறை சொல்வது அயோக்கியத்தனம். இதைச் சொல்லாமல் இந்தக் கடிதத்தை எழுதினால் நீங்கள் என்னை நம்ப வேண்டியதில்லை.

ஆனால் அந்த நாற்பதில் ஐந்து பேரை எண்ண முடியும். எந்த ஐந்து பேர் என்று முடிவு செய்வதுதான் தீர்ப்புத் திறன். இன்று புதிதாகச் சேர்ந்தவர். ஆபரேஷன் முடிந்து முதல் இரவில் இருப்பவர். ஐ.சி.யு.விலிருந்து இன்று வார்டுக்கு மாற்றப்பட்டவர். ரத்தம் ஏறத் தொடங்கி முதல் கால் மணி நேரத்தில் இருப்பவர். அவருக்கு நடுக்கம், இடுப்பு வலி, ‘என்னமோ பண்ணுது சிஸ்டர்’ என்ற வார்த்தை எது வந்தாலும் முதலில் பாட்டிலை நிறுத்திவிட்டுப் பிறகு யோசிக்க வேண்டும். நேற்று சலசலவென்று பேசி இன்று பேச்சில்லாமல் கிடக்கும் வயசாளி. ‘ஆயா அமைதியா தூங்குறாங்க’ என்று ரிப்போர்ட்டில் எழுதுமுன் தட்டி எழுப்பி, இது என்ன ஊர் என்று கேட்டுப் பாருங்கள். சத்தம் போடுகிற நோயாளியிடம் எல்லாரும் ஓடுவார்கள். சத்தம் போட மூச்சு இருக்கிறது என்பதே அவரைப் பற்றிய நல்ல சேதி.

ஆறாவதாக ஒருவரைச் சேர்ப்பேன். கூட இருக்கும் அட்டெண்டர் வந்து ‘எம்புள்ள எப்பவும் இப்படி இருக்க மாட்டான்’ என்று சொன்ன நோயாளி. அந்த அம்மாவுக்கு உடலியல் தெரியாது, ஆனால் அந்தப் பிள்ளையின் ‘நார்மல்’ என்ன என்பது வார்டிலேயே அவருக்கு மட்டும்தான் தெரியும். இங்கிலாந்தில் மார்த்தா மில்ஸ் என்ற 13 வயதுச் சிறுமி 2021-ல் மருத்துவமனையில் இறந்தாள். அவள் நிலை மோசமாகிறது என்று பெற்றோர் சொன்னது சரியாகக் காதில் வாங்கப்படவில்லை. அதன் விளைவாக 2024 முதல் அங்கே ‘மார்த்தா விதி’ வந்தது: குடும்பத்தார் கேட்டால் வேறொரு தீவிர சிகிச்சைக் குழு வந்து பார்க்க வேண்டும். நம் வார்டில் அதே பெற்றோரை ‘வெளியே நில்லுங்கம்மா’ என்கிறோம். விதி வரும்வரை காத்திருக்க வேண்டாம். மூன்றாம் முறை ஒரு அட்டெண்டர் உங்களிடம் வந்தால், எரிச்சலைத் தள்ளி வைத்துவிட்டுக் கடிகாரத்தோடு போங்கள்.

கண்டுபிடித்தால் மட்டும் போதாது, சொல்லவும் தெரிய வேண்டும். மாடு குத்திய பையனுக்கே திரும்ப வருவோம். ராத்திரி ஃபோனில் ‘சார், பதினாலாம் பெட் ஒரு மாதிரியா இருக்கார்’ என்றால், அந்தப் பக்கம் ‘பி.பி. என்ன?’ என்று கேள்வி வரும். ‘112 சார்.’ ‘சரி, பாருங்க.’ கதை முடிந்தது. அதே விஷயத்தை இப்படிச் சொல்லிப் பாருங்கள்:

‘சார், பதினாலாம் பெட், மாடு குத்தினவர், அடிவயிற்றுக் காயம். அரை மணி நேரத்தில் நாடி 104 இருந்தது 120 ஆகியிருக்கு. பி.பி. 118/76-லிருந்து 112/92. மூச்சு நானே எண்ணினேன், 26. கால் ஜில்லுன்னு இருக்கு, தண்ணி கேக்குறார். உள்ளே ரத்தம் போகுதுன்னு சந்தேகப்படறேன். நீங்க இப்பவே வந்து பார்க்கணும். அதுக்குள்ள ரெண்டு பெரிய வென்ஃப்ளான் போட்டு, கிராஸ் மேட்சிங்குக்கு ரத்தம் எடுத்து வைக்கவா?’

என்ன நிலைமை, என்ன பின்னணி, நான் என்ன நினைக்கிறேன், என்ன வேண்டும். அமெரிக்கக் கடற்படையின் நீர்மூழ்கிக் கப்பல்களில் பழகிய முறை இது. எஸ்பார் என்று நம் பாடத்திலும் வந்துவிட்டது. எனக்குப் பிடித்தது அதன் மூன்றாம் பகுதி. நம் பிள்ளைகள் எண்களைச் சொல்லிவிட்டு அங்கே நிறுத்திவிடுவார்கள். ‘சந்தேகப்படறேன்’ என்று சொல்ல வாய் வராது. அது டாக்டர் சொல்ல வேண்டியது என்ற பயம். நோயின் பெயரை முடிவாகச் சொல்லவும் மருந்தை எழுதவும் உங்களுக்கு அதிகாரம் இல்லை. சந்தேகப்பட அதிகாரம் இருக்கிறது, கடமையும் இருக்கிறது. டிகாக்சின் கொடுக்குமுன் நாடி 60-க்குக் கீழே இருந்தால் மருந்தை நிறுத்தி வைத்துவிட்டுக் கேட்கச் சொல்லித்தானே படித்திருக்கிறீர்கள்? அதுவும் தீர்ப்புதான்.

மாணவியாக நீங்கள் நேராக ஃபோன் போட முடியாது, தெரியும். இதே வரிசையில் ஸ்டாஃப் சிஸ்டரிடம் சொல்லுங்கள். ‘நீ யாரு இதைச் சொல்ல’ என்று சிலர் கேட்பார்கள். பதில் பேசாமல் எண்களை மறுபடி எடுத்துக்கொண்டு பத்து நிமிடத்தில் திரும்பப் போய் நில்லுங்கள். நேரம் போட்டு ஷீட்டில் எழுதுங்கள். அப்போதும் காது கொடுக்காவிட்டால் உங்கள் கிளினிக்கல் இன்ஸ்ட்ரக்டரிடம் போங்கள். வார்டில் இதனால் உங்களுக்குப் பேர் கெடலாம். நல்ல சிஸ்டர்களிடம் பேர் கெடாது. அவர்கள் அடுத்த நாள் முதல் உங்களைப் பேர் சொல்லிக் கூப்பிடுவார்கள்.

கடைசியாக, செய்து பார்க்க ஒரு வேலை தருகிறேன். ரெக்கார்டு நோட்டு இல்லை, கையெழுத்து கேட்க மாட்டேன். சட்டைப்பையில் அடங்குகிற ஒரு சின்ன நோட்டு. டூட்டி முடிந்து கிளம்புமுன் இரண்டே இரண்டு நோயாளிகளைத் தேர்ந்து, பேரில்லாமல், நாளைக் காலை அவர் எப்படி இருப்பார் என்று எழுதுங்கள். மூச்சு கூடுமா குறையுமா, சிறுநீர் எவ்வளவு போகும், காய்ச்சல் விடுமா. கீழே ஒரு வரியில், ஏன் அப்படி நினைக்கிறீர்கள் என்று எழுதுங்கள். மறுநாள் வந்ததும் முதல் வேலையாக அந்தக் கட்டிலுக்குப் போய்ச் சரிபாருங்கள். தப்பாகப் போனால் ராத்திரி புத்தகத்தைத் திறந்து, எது தெரியாததால் தப்பாகப் போனது என்று தேடுங்கள். ஊகத்தை எழுதி வைக்காவிட்டால், நடந்தபின் ‘எனக்கு அப்பவே தெரியும்’ என்று மனசு நம்மை ஏமாற்றிவிடும்.

அன்புடன்,
ஓய்வு பெற்ற நர்சிங் டியூட்டர்,
மதுரை.

பி.கு.: இன்சுலின் பற்றி எழுத இடம் இல்லாமல் போயிற்று, ஆனால் எழுதாமல் விட மனசில்லை. நம் ஊரில் குப்பி இன்சுலின் ஒரு மில்லிக்கு 40 யூனிட், 100 யூனிட் என்று இரண்டு வகையாக வருகிறது. 40-க்கு உரிய சிரிஞ்சுக்குச் சிவப்பு மூடி, 100-க்கு உரியதற்கு ஆரஞ்சு மூடி. 40 குப்பியிலிருந்து ஆரஞ்சு சிரிஞ்சில் 10-ஆம் கோடு வரை எடுத்தால் உள்ளே போவது 4 யூனிட். 100 குப்பியிலிருந்து சிவப்பு சிரிஞ்சில் 10 எடுத்தால் போவது 25 யூனிட். அந்த நோயாளி விடிவதற்குள் சர்க்கரை இறங்கி மயங்குவார், எல்லாரும் தூங்குகிறார் என்று நினைப்பீர்கள். குப்பியின் லேபிளையும் சிரிஞ்சின் மூடியையும் பக்கத்தில் வைத்துப் பார்க்காமல் மருந்தை எடுக்காதீர்கள். சந்தேகம் இருந்தால் பக்கத்தில் இருப்பவரைக் கூப்பிட்டு வாய்விட்டுப் படித்துக் காட்டச் சொல்லுங்கள்.